அட்டவணையில் இருக்கும் பூனை

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு முப்பத்தொன்பது. பிடித்தோ அடைத்தோ வைக்கப்பட்ட வனவிலங்கு அரசின் சொத்து. அந்தச் சொத்து எந்த வழியிலாவது ஒருவர் கைக்கு வந்துவிட்டால், அவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்கவும் வேண்டும். படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசின் சொத்து மூன்று உருப்படிகளாக, ஒரு மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள், நலச்சங்கச் செயலாளர் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல் கத்திக்கொண்டிருந்தால் முதலில் என்ன செய்வது என்று அந்தப் பிரிவில் இல்லை. உபபிரிவுகளிலும் தேடினேன். இல்லை.

நான் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு காரியம் நடந்து முடிந்த பிறகு, எந்த விதிப்படி அது நடந்திருக்கக் கூடாது என்று சொல்வதுதான் என் உத்தியோகமாக இருந்தது. காரியம் நடந்துகொண்டிருக்கும்போதே விதியைத் தேடும் நிலை எனக்கு வாய்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

எங்கள் காலனி ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு பிள்ளையார் கோயிலையும் இரண்டு வளைவுகளையும் தாண்டி, ஏரியில் முட்டி நிற்கிறது. கடைசி மனை இன்னும் காலி. அதன் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். மனையில் ஆளுயரச் சம்புப் புல்லும் கோரையும் சீமைக் கருவேலமும் இருக்கின்றன. வருஷா வருஷம் புரட்டாசியில், மழைக்கு முன்னால், சங்கம் ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்து அந்த மனைக்கு மொட்டையடிக்கும். பாம்பு, கொசு, எலி என்று காரணங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். தை பிறப்பதற்குள் எல்லாம் பழையபடி வளர்ந்து நிற்கும். அடுத்த வருஷம் அதே தீர்மானத்தைத் தேதி மாற்றி எழுதினால் போதும்.

அந்த வருஷம், வண்டி வருவதற்கு வழி எடுக்க இரண்டு ஆட்கள் அரிவாளோடு ஓரத்துச் சம்பை வெட்டினார்கள். உள்ளேயிருந்து ஏதோ பாய்ந்து ஏரிப் பக்கம் ஓடியது. ஓடிய இடத்தில், காய்ந்த கோரையைப் படுக்கை மாதிரி அழுத்தி வைத்ததில், மூன்று குட்டிகள் கிடந்தன. ஆட்கள் வாட்ச்மேனிடம் சொல்ல, வாட்ச்மேன் செயலாளரிடம் சொல்ல, செயலாளர் வீட்டிலிருந்த மிக்ஸிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மூன்றையும் 'பத்திரமாக' மீட்டு வந்துவிட்டார்.

காலனி வாட்ஸப் குழுவில் முதல் பத்து நிமிஷம் அவை சிறுத்தைக் குட்டிகளாக இருந்தன. உடம்பில் கோடு இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதும் சற்று நேரம் புலிக் குட்டிகளாகப் பதவி உயர்வு பெற்றன. பொத்தேரியில் தன் மகன் தங்கியிருக்கும் விடுதிக்குப் பின்னால் சிறுத்தை நடமாடுவதாக ஏற்கெனவே எழுதியிருந்த அன்பர், அன்றே சொன்னேனே என்று மறுபடி எழுதினார். அவர் மகன் பார்த்தது நாய் என்று அப்போதே தெளிவாகிவிட்டது. ஆனால் செய்தியை அவர் திரும்பப் பெறவில்லை. செயலாளர் மட்டும் நிதானமாக, இது வெளிநாட்டு ஜாதிப் பூனை, யாரோ வளர்த்து விட்டிருக்கிறார்கள், விலை அதிகம் என்று எழுதினார். நாவலூரில் பெரிய கணினி நிறுவனத்தில் மேலாளராக இருப்பவர். எதையும் நிதானமாகச் சொல்வார், தவறாக இருந்தாலும்.

நான் போய்ப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. குட்டிகளை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். ஆனால் தாயை ஒரு வருஷமாகத் தெரியும். காலை நடைக்கு ஏரிக்கரையில் போகும்போது, மதகுக்குப் பக்கத்தில் எலி வளையைப் பார்த்தபடி அது உட்கார்ந்திருக்கும். முதலில் பார்த்தபோது யாரோ வீட்டுப் பூனை என்றுதான் நினைத்தேன். எழுந்து நின்றபோதுதான் கால்கள் அளவுக்கு மேல் நீளம் என்று தெரிந்தது. வால் பாதியில் வேலை நிறுத்தம் செய்ததுபோல் குட்டை. நுனிப்பக்கம் கறுப்பு வளையம். காது நுனியில் எழுதுகோல் கீறினாற்போல் சிறு கறுப்பு மயிர்க்கற்றை. உடம்பு முழுக்கக் காய்ந்த புல்லின் நிறம். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, இவனால் உபயோகமும் இல்லை உபத்திரவமும் இல்லை என்று முடிவுசெய்து வளையின் பக்கம் திரும்பிக்கொண்டது. பல அலுவலகங்களில் எனக்கு இதைவிட மோசமான வரவேற்பு கிடைத்திருக்கிறது.

காட்டுப்பூனை என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அதற்குக் காடு அவ்வளவு முக்கியமில்லை. நாணலும் தண்ணீரும் எலியும் இருந்தால் போதும். பள்ளிக்கரணைச் சதுப்பிலும் நன்மங்கலத்துப் புதரிலும் ஏரிக்கரைகளிலும்தான் அது இருக்கும். பதிவேட்டில் நாம் தரிசு, புறம்போக்கு, பயனற்றது என்று எழுதி வைத்த இடங்களாகப் பார்த்துத்தான் அது குடியிருக்கிறது. புலிக்குத் திட்டம் இருக்கிறது, நிதி ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கென்று ஒரு நாளும் இருக்கிறது. இதற்குச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு வேளச்சேரிச் சாலையைக் கடக்க முடியாது, தெருநாய்க்கும் காட்ட முடியாது.

குட்டிகளுக்குத்தான் கோடு. வளர வளர மறைந்து, காலில் மட்டும் லேசாக மிஞ்சும். பணியில் சேர்ந்த புதிதில் நமக்கிருந்த கொள்கைகளைப் போல.

பெட்டியைச் சுற்றிப் பதினைந்து பேர் இருந்தார்கள். மூன்றின் கன்னத்திலும் யாரோ கண்மையால் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"நல்ல வேளை வந்தீங்க சார்" என்றார் செயலாளர். "ரோஸ்டர் போட்டுட்டேன். மார்னிங் ஏ பிளாக், ஈவ்னிங் பி பிளாக். பால் செலவு சங்கக் கணக்கு."

"எதுக்கு ரோஸ்டர்?"

"ஃபீடிங் சார். அம்மா விட்டுட்டுப் போயிடுச்சே."

"அது விட்டுட்டுப் போகல. நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்க."

அவர் முகம் சற்றுச் சுருங்கியது. எங்கள் காலனியின் சிறப்பே இதுதான். கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவர்கூடக் கிடையாது. நல்ல எண்ணத்தை அட்டவணை போட்டு, பிளாக் வாரியாகப் பிரித்து, ஒரு பொறுப்பாளரையும் நியமித்துவிடுவோம். தாய் அரிவாளுக்குப் பயந்து பத்தடி தள்ளிப் பதுங்கியிருக்கும், ஆள் அரவம் அடங்கினால் வரும் என்று நான் சொன்னேன். பாக்கெட் பால் இவற்றுக்கு ஆகாது, வயிறு கெட்டுச் செத்துப்போகும் என்றும் சொன்னேன். குட்டிகளை எடுத்த இடத்திலேயே அன்று பொழுது சாய்வதற்குள் வைத்தாக வேண்டும். இரண்டு நாள் நம்மிடம் இருந்தால் பிறகு அவற்றுக்குத் தாய் இல்லை, கூண்டுதான்.

"நான் வேணாங்கல சார்" என்றார் செயலாளர். "ஆனா கைல வந்தத நாமளே திருப்பி வெளிய விட்டு, நாளைக்கு நாய் கடிச்சுப் போட்டுச்சுன்னா? யாரு ஆன்சர் பண்றது? ரிட்டனா யாராவது சொல்லட்டும், இப்பவே வச்சுடலாம்."

சங்கத்தில் பத்து வருஷமாக எல்லாவற்றுக்கும் எழுத்து மூலமான உத்தரவு கேட்டு அவர்களைப் பழக்கியவன் நான்தான்.

எனவே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் எடுத்ததற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். முழுவதும் கேட்டுவிட்டு, "அது பட்டா நிலமா சார், ஏரிப் புறம்போக்கா?" என்றார் அவர்.

"மனை பட்டா. பக்கத்துல ஏரி."

"பூனை எதுல இருக்கு?"

"ரெண்டுலயும்."

"குட்டி?"

"இப்ப செயலாளர் வீட்டுல, ஷூ ரேக் மேல."

எந்தப் பிரிவில் போடுவது என்று யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன். "ஒண்ணு பண்ணுங்க சார், எழுதி அனுப்பிடுங்க. நாளைக்கு மேடம் வந்ததும் மேசையில வச்சுடறேன்."

எழுதி அனுப்பினேன். குட்டிகள் கிடைத்த விவரம், அவற்றை என்ன செய்யலாம், மனையைச் சுத்தம் செய்வதை நிறுத்தி வைக்கலாமா என்று மூன்று பத்திகள். மின்னஞ்சல் அன்றே போனது. ஒப்புகை அட்டையோடு விரைவுத் தபால் மறுநாள். தெரிவிக்க வேண்டிய கெடு அதோடு தீர்ந்தது. ஆனால் அன்று மதியத்திலிருந்து குட்டிகளுக்குத் தாய்ப்பால் இல்லை. அவற்றின் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது.

எதிர் வீட்டு டீச்சர் அப்போதுதான் வந்தார். மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். ஆராதனைக்குப் பிறகு உறவினர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு, பட்டுப்புடவையோடு நேரே பெட்டியிடம் வந்தார். எட்டிப் பார்த்தார். எல்லோர் தரப்பையும் கேட்டார்.

"இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். "கண்டெடுத்த பொருளுக்கு நம்ம காலனியில என்ன வழக்கம்?"

அந்த வழக்கத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். முன்பு எங்கள் காலனியில் தெருவில் கிடக்கும் எதையும் சங்க அலுவலகத்தில் ஒப்படைப்பார்கள். அப்படி வந்த ஒரு குடையை மூன்று பேர் தங்களுடையது என்றார்கள். விசாரணைக் குழு அமைத்தோம். குடை யாருக்குப் போனது என்பது எனக்கு மறந்துவிட்டது. ஆனால் இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அதன்பின் ஒரு விதி வந்தது. கண்டெடுத்த பொருளை அலுவலகத்துக்குக் கொண்டுவரக் கூடாது. கண்டெடுத்த இடத்திலேயே, உரியவர் கண்ணில் படும்படி வைத்துவிட வேண்டும். அவரே வந்து எடுத்துக்கொள்வார். எங்கள் சுற்றுச்சுவர்களின் மேல் ஒற்றைச் செருப்பு, சாவிக்கொத்து, டிபன் பாக்ஸ் மூடி என்று எப்போதும் ஏதாவது காத்திருக்கும். ஒரு முறை ஒரு பல்செட்டு ஒரு பகல் முழுக்கச் சுவர்மேல் சிரித்துக்கொண்டிருந்தது. மாலையில் அதுவும் உரிய வாயைச் சேர்ந்தது. ஒரு புகாரும் வந்ததில்லை.

"டீச்சர், அது குடைக்குப் போட்ட ரூல்" என்றார் செயலாளர்.

"ரூல்ல குடைன்னு போட்டிருக்கா?"

செயலாளர் என்னைப் பார்த்தார். வரைவு எழுதியவன் நான். "குடைன்னு இல்ல" என்றேன். "எந்த உயிரானாலும்னு இல்லாட்டியும், எந்தப் பொருளானாலும்னு இருக்கு. சட்டமே இத சொத்துங்குது. விதி எண் பதினேழு."

விதி எண் கேட்டதும் செயலாளரின் முகம் தெளிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவருக்குக் குட்டிகள் மேல் இரக்கம் இல்லாமலில்லை. அந்த இரக்கத்துக்கு ஒரு ஆதார எண் இல்லாமல்தான் தவித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஈரத்துணியால் மூன்று கன்னத்துப் பொட்டையும் துடைத்தார். "அடையாளம் மாறியிருந்தா அம்மா எப்படி வாங்கிக்கும்?" என்றார். வெயில் தாழ்ந்ததும், பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துத் திறப்பாக்கி, அழுத்தி வைத்திருந்த அதே கோரைப் படுக்கையின் அருகில் வைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த சிக்கல் பார்வையாளர்கள். மொட்டை மாடிகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாயிற்று. ஒருவர் தொலைநோக்கி கொண்டுவந்தார். முறுக்குச் சம்படம் கைமாறியது. ஊர் முழுக்கக் கூடி நின்று பார்த்தால் எந்தத் தாய் வருவாள்? டீச்சர் தெருவின் நடுவில் நின்று, தேர்வு மண்டபத்தில் பேசும் குரலில், "எல்லாரும் உள்ள போங்க. ஜன்னல் போதும். பேச்சு வேண்டாம்" என்றார். நாற்பதைத் தாண்டிய ஆண்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் இரண்டு பேர் அவரிடம் படித்தவர்கள்.

மிச்சமிருந்தவை நாய்கள். தெருநாய்களுக்குப் பிஸ்கட் போடுவதை என் மனைவி பல வருஷமாகச் செய்து வருகிறாள். அதைப் பற்றி நான் கொண்டிருக்கும் கருத்துகளை அவள் கேட்டுக்கொள்வதில்லை. அன்று மாலை இரண்டு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, நான்கு நாய்களையும் அழைத்தபடி பிள்ளையார் கோயில் வரை போனாள்.

"பூனைக்கு நீங்க, நாய்க்கு நான்" என்றாள் போகும்போது. "இத்தன வருஷத்துல இப்பதான் வேலைய சரியா பிரிச்சிருக்கோம்."

எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து மனை நன்றாகத் தெரியும். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கொக்குகள் ஏரித்திட்டுக்குத் திரும்பின. பெட்டிக்குள்ளிருந்து மெலிதாக ஒரு சத்தம். சம்பு அசையவில்லை. அசையாத சம்பிலிருந்து ஒரு முகம் வெளியே வந்தது. எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. இருந்தது, அவ்வளவுதான். வயிறு தரையில் உரச வந்து, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அட்டையின் மேல் அச்சடித்திருந்ததை முகர்ந்து பார்த்தது. பிறகு தலையை உள்ளே விட்டு, ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு சம்புக்குள் போய்விட்டது. திரும்பி வந்து இரண்டாவது. அதன்பின் வெகுநேரம் ஒன்றுமில்லை. மூன்றாவது குட்டி தானே பெட்டியிலிருந்து உருண்டு வெளியே வந்து, திசை தெரியாமல் காலனிப் பக்கமாக நகர ஆரம்பித்தது. எதிர் ஜன்னலில் டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. தாய் வந்தது, பெட்டியைப் பார்த்தது, காலி. காதை முன்னும் பின்னும் திருப்பியது. பிறகு நேராகக் குட்டியிடம் போய், அதைக் கவ்வி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மறைந்தது. கையெழுத்து மட்டும் போடவில்லை.

குட்டிகள் தாயிடம் சேர்ந்துவிட்டன. ஆனால் சேர்ந்த இடம் அதே மனை. ஜேசிபியைப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

பதில் வரவில்லை. வரும் என்று நானும் நினைக்கவில்லை. திங்கள் கிழமை மாலை, நாங்கள் இருக்கும் பி பிளாக்கின் கீழ்வீட்டுப் பெண் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். தாம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை. கைக்குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. காலி மனையை ஒட்டிய சுவர் அவள் வீட்டுச் சுவர்தான். போன மார்கழியில் அவள் குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக ஒரு பாம்பு வந்தது. விஷமில்லாத பாம்பு என்று எல்லோரும் ஆறுதல் சொன்னோம். சொன்ன எவர் வீட்டுக் குளியலறையிலும் அது வரவில்லை.

"ஜேசிபிய நிறுத்தப் போறீங்களாமே அங்கிள்."

"குட்டி நடமாட ஆரம்பிக்கிற வரைக்கும்மா. அட்டவணையில இருக்கிற விலங்கு."

"என் பிள்ளை எந்த அட்டவணை?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டாள். நான் மேலே ஏறி வந்துவிட்டேன். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, "சரியாத்தானே கேட்டிருக்கா" என்றாள்.

புதன்கிழமை காலை வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் இறங்கி மனையை ஒரு நோட்டம் விட்டு, ஏறி, இயந்திரத்தை முடுக்கினார். நானும் டீச்சரும் முன்னால் போய் நின்றோம். செயலாளர் மடிக்கணினிப் பையோடு அலுவலகத்துக்குக் கிளம்பும் கோலத்தில் ஓடி வந்தார். கீழ்வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னா சார், வண்டிக்கு முன்னாடி வந்து நின்னுகினு கீறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"உள்ள காட்டுப்பூனை குட்டி போட்டிருக்கு."

"பூனைக்கா? பேஜாரா பூச்சு போ. சத்தம் கேட்டா அதுவே ஓடிப்பூடும் சார்."

"அது ஓடிடும். குட்டி ஓடாது."

"ரிப்ளை வந்துச்சா சார்?" என்றார் செயலாளர்.

"வரல."

"அப்ப ஸ்டே இல்ல."

"அனுமதியும் இல்ல. ஆனா பிரிவு ஒன்பது இருக்கு. அட்டவணை விலங்க கொல்றது மட்டுமில்ல, காயப்படுத்தினாலே வேட்டைன்னு எடுத்துக்கும். தெரிஞ்சே செஞ்சா ஜெயில்."

ஓட்டுநர் காதைத் தீட்டிக்கொண்டார். "ஜெயிலா? யாருக்கு, வண்டி ஓட்றவனுக்கா?"

"ஓட்டினவருக்கும், ஓட்டச் சொன்னவருக்கும்."

ஓட்டச் சொன்னவர் மடிக்கணினிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார். "நீங்கோ எல்லாரும் படிச்சவங்கோ. பேசி முடிச்சுட்டு சொல்லுங்கோ. நான் ஒரு டீ அடிச்சுட்டு வந்துடறேன்."

சட்டம் வண்டியை நிறுத்திவிட்டது. என் பணிக்காலத்தில் இப்படி ஒரு விதியை மேற்கோள் காட்டி உடனே ஒரு இயந்திரம் நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் வாசலில் நின்ற பெண் அப்படியே நின்றாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"பாம்பு வந்தா அங்கிள் வருவாரா, பிரிவு வருமா?" என்றாள் செயலாளரிடம், எனக்குக் கேட்கும்படி.

நான் அவளிடம் போனேன். சாக்கடைத் துளைக்கு வலை அடித்துத் தருகிறேன், இன்றைக்கே, என் செலவில் என்றேன். அவள் வீட்டுச் சுவரை ஒட்டி ஆட்களை விட்டு அரிவாளாலேயே வெட்டச் சொல்லலாம் என்றேன். எவ்வளவு தூரம் என்று நான் கணக்குப் போட ஆரம்பிப்பதற்குள் அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்த முருங்கை மரம் வரைக்கும் வெட்டணும். சுத்தமா. அதுக்கு அந்தப் பக்கம் உங்க பூனை, இந்தப் பக்கம் என் பிள்ளை."

எல்லைத் தகராறுகளைப் பற்றிய தடித்த கோப்புகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான தீர்ப்பு எதிலும் இல்லை. டீச்சர் "சரிம்மா" என்றார். செயலாளர் தன் கைப்பேசியில் அதைத் தீர்மானமாகவே பதிந்துகொண்டார். டீ குடித்துவிட்டு வந்த ஓட்டுநர், வந்து போன வாடகையைச் சங்கத்திடம் வாங்கிக்கொண்டு, "பூனைய கேட்டதா சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முருங்கை மரம் வரை ஆட்கள் இரண்டு நாள் வெட்டினார்கள். அப்பால் சம்பு நின்றது. வலை அடிக்க நானே உட்கார்ந்தேன். இரண்டு முறை கோணலாகப் போய், மூன்றாவது முறை அந்தப் பெண்ணின் கணவர் என் கையிலிருந்து சுத்தியலை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

அதன்பின் மழை. ஐப்பசி முழுக்க விட்டு விட்டுப் பெய்தது. பிறகு விடாமலே பெய்தது. ஏரி நிறைந்து, மனைக்குள் தண்ணீர் ஏறியது. சம்பின் நுனிகள் மட்டும் மேலே தெரிந்தன. ஜேசிபியிடமிருந்து காப்பாற்றியதை வானம் வந்து எடுத்துக்கொண்டால் யாருக்கு மனு எழுதுவது? காட்டுப்பூனை நன்றாக நீந்தும் என்று எனக்குத் தெரியும். ஆனால் குட்டிகள் நீந்துமா என்பதைப் பற்றி நான் படித்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டீச்சர் தினமும் காலையில் கதவைத் திறந்து, "பாத்தீங்களா சார்?" என்பார். இல்லை என்பேன். கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றிக்கொண்டிருந்த என் மனைவி, "கரையில வேற இடம் பாத்துப் போயிருக்கும். உங்கள மாதிரி ஆர்டருக்கா காத்திருக்கும்?" என்றாள். ஆறுதல்தான் சொன்னாள். சொன்ன விதம் அப்படி.

அலுவலகத்துக்கு இரண்டு நினைவூட்டுகள் அனுப்பினேன்.

மார்கழியில், கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்த ஒரு காலையில், கரையின் அந்தக் கோடியில் தாயைப் பார்த்தேன். மெலிந்திருந்தது. அதன் பின்னால், தண்ணீர் வடிந்த சேற்றில் கால் வைக்கப் பிடிக்காமல் ஒவ்வொரு காலாக உதறிக்கொண்டு இரண்டு குட்டிகள் வந்தன. குட்டிகள் என்று சொல்ல முடியாது, வளர்ந்துவிட்டன. கோடுகள் மங்கத் தொடங்கியிருந்தன. ஒன்று தவளையின் மேல் பாய்ந்து, தவறி, அப்படித்தான் செய்ய நினைத்தேன் என்பதுபோல் உட்கார்ந்து காலை நக்கியது. நான் வெகுநேரம் நின்றேன். மூன்றாவது வரவில்லை.

டீச்சரிடம் இரண்டு என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ரெண்டு இருக்கே" என்றார்.

சில நாள் கழித்து, காலை சாப்பாட்டு வேளையில், கீழ்வீட்டுப் பெண்ணிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. கூடவே மங்கலான ஒரு புகைப்படம், சமையலறை ஜன்னல் கம்பி வழியாக எடுத்தது. அவள் வீட்டுச் சுவருக்கு வெளியே, வெட்டிய தரையில் ஒரு இளம் பூனை, வாயில் எலி.

"அங்கிள், முருங்கை தாண்டி வந்திருக்கு. எலி பிடிச்சுட்டு இருக்கு. இந்த ஒரு தடவ விட்டுட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

அது மூன்றாவதா, நான் பார்த்த இரண்டில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை. டீச்சர் மட்டும் அது மூன்றாவதுதான் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். கணக்கு நடத்தியவர், நான் மறுக்கவில்லை.

பிறகு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒரே பக்கம். பார்வையில் என் மனுவும் இரண்டு நினைவூட்டுகளும் குறிப்பிடப்பட்டிருந்தன. குட்டிகள் காணப்பட்டால் கையாள வேண்டாம், கண்ட இடத்திலேயே விட்டுவிடவும், தாய் வந்து எடுத்துச் செல்லும். குட்டிகள் வளர்ந்து வெளியேறும்வரை மனையில் இயந்திரம் கொண்டு சுத்தம் செய்வதைத் தவிர்க்கவும், ஏரியை ஒட்டிய நாணலை இயன்றவரை அப்படியே விடவும். இரண்டு முறை படித்தேன். ஒரு தணிக்கையாளனாக அதில் ஒரு குறையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதியவர் விஷயம் தெரிந்தவர், அக்கறையும் உள்ளவர். செயலாளர் கடிதத்தை என்னிடமிருந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். இத்தனை மாதம் அவர் காத்திருந்தது இதற்குத்தான். அன்று மாலையே செயற்குழுவைக் கூட்டி, வருஷா வருஷம் வரும் மொட்டைத் தீர்மானத்தை எடுத்துவிட்டு, முருங்கை மரம் வரை அரிவாள், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை என்று நிரந்தரமாக எழுதி, கடிதத்தின் எண்ணை ஆதாரமாகக் குறித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். எதிர்ப்பு ஒருவரிடமிருந்தும் இல்லை. கீழ்வீட்டுப் பெண்ணே வழிமொழிந்தாள். இனி எந்தச் செயலாளர் வந்தாலும் அந்தச் சம்பைத் தொட முடியாது.

புரட்டாசியில் எழுதிய மனுவுக்குக் கடிதம் வந்து சேர்ந்தது காணும் பொங்கலுக்கு மறுநாள்.